மடுல்சீமை தூரம், டொரொன்டோ பக்கம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பேன்சி கடையில் நான் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அந்தக் கடை அக்காவுக்கு உலகத்தில் தூரமான ஊர்கள் கொஞ்சம்தான். மடுல்சீமை, பசறை, லுணுகலை, வெலிமடை என்று பதுளையைச் சுற்றி இருக்கும் மலையூர்கள். மற்றதெல்லாம் பக்கம். துபாய் பக்கம், சிங்கப்பூர் பக்கம். மெல்பேர்னுக்குக் கொஞ்சம் கால் நீட்டி உட்கார வேண்டும், ஆனாலும் பக்கம்.

வேலை கேட்டுப் போன அன்றைக்கே இது எனக்குத் தெரிந்துவிட்டது.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"மடுல்சீமைங்க. தேயிலைத் தோட்டம்."

கையிலிருந்த வளையல் கொத்தைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "அவ்வளவு தூரத்துலருந்தா வந்திருக்க? சாப்ட்டியா?" என்று பதறி, பக்கத்துக் கடையிலிருந்து பனிஸும் பிளேன்டீயும் எடுப்பித்தார். நான் காலை பஸ்ஸில் ஏறி, பசறையில் கொஞ்சம் நின்று, வெயில் ஏறுவதற்குள் வந்திருந்தேன். ஆனாலும் பசித்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் பூ வாங்க ஓர் அம்மா வந்தார். தங்கச்சி மகளுக்கு மெல்பேர்னில் ஒரு மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவு தொலைவுக்கு எப்படி அனுப்புவது என்று பயமாக இருக்கிறது என்றார். அக்கா சிரித்தே விட்டார்.

"என்னங்க தொலைவு? பத்தரை மணி நேரம். ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், கண்ண முழிச்சா மெல்பேர்ன்."

நான் பனிஸைக் கடித்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

பிறகு பழகப் பழக அக்காவின் கணக்குப் புரிந்தது. எயார்போர்ட் இருக்கும் ஊர் பக்கம், இல்லாத ஊர் தூரம், அவ்வளவுதான். அவருடைய பயணம் எப்போதும் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவில் விமானம் கிளம்பும் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். பதுளையிலிருந்து கட்டுநாயக்க வரைக்கும் ஒரு ரோடு இருக்கிறது, அதில் வளைவு வளைவாக இறங்கி ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. நடுவில் வேறொரு நாட்டில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரமும் வராது. "அது சும்மா உக்காந்திருக்கிறது. பயணத்துல சேத்தியா?" என்பார்.

போனில் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம் பறக்க வேண்டும் என்று காட்டுகிற ஒரு பக்கத்தை அவருடைய மகள்தான் பழக்கிக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து அக்காவுக்கு அதுதான் வேதம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பாரிஸ், டோஹா, ஒஸ்லோ என்று தட்டிக்கொண்டிருப்பார். ஒரு தடவை நான் வேண்டுமென்றே, "பதுளைன்னு போட்டுப் பாருங்களேன் அக்கா" என்றேன். போட்டார். பதுளையில் எயார்போர்ட் இல்லை, வேறு ஊரைப் போடு என்றது.

"போன்ல ஏதோ கோளாறு" என்று அணைத்து வைத்தார்.

தேர்தல் வந்தால் எங்கள் ஊவா மாகாணத்துக்கு ஒரு எயார்போர்ட் கட்டித் தருவதாக யாராவது மேடையில் சொல்வார்கள். சொன்னவருக்கே மறுநாள் அது ஞாபகம் இருக்காது. அக்காவுக்கு மட்டும் இருக்கும். "வரட்டும், அப்புறம் பாரு" என்பார். எதைப் பார்ப்பது என்று நான் கேட்டதில்லை.

இத்தனை பேசுகிறவர் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. புருஷன் இறந்த பிறகு கடையும் மகளும்தான் அவருடைய உலகம். பஸ் என்றாலே வயிற்றைப் புரட்டும். வாழ்க்கையில் அவர் போன ஆகப் பெரிய பயணம் பண்டாரவளைக்கு ஒரு கல்யாணத்துக்கு. ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் வாந்திக்கு ஷொப்பிங் பேக். கல்யாண வீட்டில் மணமக்களைப் பார்த்ததைவிட கை கழுவுகிற தொட்டியைப் பார்த்ததுதான் அதிகம் என்று மகள் சொல்வாள். ரயிலில் போகலாமே என்றால், "அது வெள்ளைக்காரங்க தொங்கிக்கிட்டுப் படம் புடிக்கிறதுக்கு விட்டது. நமக்கு அதுல எங்க எடம்?" என்பார். அதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது.

கல்யாணம் பேசி வைப்பதில் அக்காவுக்கு ஒரு ஆசை. அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். பொட்டு வாங்க வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எந்த நாட்டுக்குப் பொருந்துவாள் என்று அவருக்குத் தோன்றிவிடும். "இவ குளிர் தாங்குவா, நோர்வேக்குச் சரி" என்று என் காதில் சொல்வார். அவர் பேசி முடித்த பெண்கள் பனியில் தொப்பியும் கையுறையுமாக நின்று அனுப்பும் படங்களை எல்லோருக்கும் காட்டுவார். படத்தைக் காட்டும்போது பெண்ணின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மணித்தியாலத்தைத்தான் சொல்வார். "இவ பத்து மணி நேரம். இவ நாலரை."

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை டிரைவர் ஒருவர் தன் மகளுக்கு டோஹாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டுக் கடைக்கு வந்தார்.

"நாலரை மணி நேரங்க" என்றார் அக்கா. "நீங்க பதுளையில பஸ் ஏறி கொழும்புல எறங்குறதுக்குள்ள அவ டோஹாவுல எறங்கி, குளிச்சி, சாப்ட்டுப் படுத்திருவா."

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு அவளும் மொதல்ல பதுளையில பஸ் ஏறி கொழும்புக்குப் போகணுமேங்க?"

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் போனாள். வாரத்துக்கொரு தடவை அக்காவுக்குப் போன் பேசுவாள். நாளாக நாளாகப் பேச்சு குறைந்தது. ஒருநாள் மத்தியானம் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் ரிப்பன் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்ன மாதிரி நாலரை மணி நேரம்தான் அக்கா. ஆனா வந்ததுலருந்து ஊருக்கு வரவே முடியல. அவருக்கு லீவு கெடைச்சா எனக்கு இல்ல, எனக்குக் கெடைச்சா டிக்கெட் இல்ல. அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன்கூட முடிஞ்சிருச்சி."

அக்கா போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "வர்றதும் அதே நாலரை மணி நேரந்தானேடி" என்றார். அதோடு பேச்சு அறுந்தது. லைன் போய்விட்டதா, அவள்தான் வைத்துவிட்டாளா தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் அக்கா எந்த ஊரையும் தட்டவில்லை.

அக்காவின் மகள் பதுளையிலேயே ஒரு இடத்தில் கணக்கு வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் கடையில் இருப்பாள். அதே சனிக்கிழமைகளில் பதுளைக்கு ஏதோ பயிற்சி வகுப்புக்கு வரும் ஒரு வாத்தியார் எங்கள் கடைக்கு ரிப்பன் வாங்க வருவார். மடுல்சீமையில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். தோட்டத்தின் அடுத்த டிவிஷனில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். கலைவிழாவுக்கு ரிப்பன், விளையாட்டுப் போட்டிக்கு ரிப்பன், பரிசளிப்புக்கு ரிப்பன் என்று வாங்கிக்கொண்டே இருந்தார். சிவப்பு வாங்கியவர் அடுத்த வாரம் நீலத்துக்கு வருவார்.

"அந்த ஸ்கூல்ல படிப்பு ஏதும் நடக்குதா, இல்ல கொண்டாட்டம் மட்டுந்தானா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். "படிப்பும் நடக்குதுக்கா."

இதற்கிடையில் அக்கா தன் மகளுக்கு டொரொன்டோவில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பூர்வீகத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து கண்டியில் கடை வைத்திருந்த குடும்பம், இப்போது எல்லோரும் அங்கே. மாப்பிள்ளையும் அம்மாவும் லீவில் வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு. மகள் வேண்டாம் என்றாள். "வந்து பாத்துட்டுப் போகட்டும், பாத்தா என்ன கொறஞ்சிருமா?" என்று அக்கா வீட்டுக்கு வெள்ளை அடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னவர்கள் இருட்டும் நேரத்துக்குத்தான் வந்தார்கள். உதவிக்கு நானும் வீட்டில் நின்றேன். வேன் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு எலுமிச்சம்பழம். அதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. முகம் வெளுத்து, சேலை கசங்கி, ஒரு கையால் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, என்னங்க ரோடு இது! பெரகலையில ஏறி அப்புத்தளைக்கு வர்றதுக்குள்ள குடலே வெளிய வந்துருச்சி. டொரொன்டோலருந்து வந்த அலுப்புக்கூட எனக்குத் தெரியல. கட்டுநாயக்கலருந்து இங்க வந்ததுதான் என்னைக் கொன்னுருச்சி."

"வளைவு கொஞ்சம் இருக்கும்" என்றார் அக்கா. "மத்தபடி பக்கந்தாங்க."

"எதுக்குப் பக்கம்?" என்று கேட்டார் அந்த அம்மா. குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எந்த ஊருக்கும் உடனே மணித்தியாலம் சொல்கிற அக்கா, கேசரித் தட்டை எடுத்து அந்த அம்மாவின் முன்னால் நீட்டினார்.

பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருந்தது. சாப்பிட்டு முடித்துக் கொஞ்சம் தெம்பு வந்ததும் அந்த அம்மா மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "தம்பிக்கு வருஷத்துல ரெண்டு வாரந்தான் லீவு. மாமியார் வீடுன்னு இங்க ஒரு தடவை வந்து போனா ரெண்டு நாள் ரோட்டுலயே போயிரும். நீங்க கொழும்புப் பக்கம் வந்து இருக்கிற யோசனை ஏதும் இல்லையாங்க?"

"எங்க கடை இங்கல்ல இருக்கு" என்றார் அக்கா. குரல் எங்கேயோ உள்ளே போயிருந்தது.

அடுத்த வாரம் வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பெண்ணும் நல்ல பெண், குடும்பமும் நல்ல குடும்பம், ஆனால் ஊர்தான் ரொம்பத் தூரமாக இருக்கிறது, கொழும்பிலேயே ஒரு இடம் அமைந்துவிட்டது, மனசில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். அக்கா அதை என்னைக் கேட்க வைத்தார். பிறகு பக்கத்துக் கடை ஆட்களையும் கேட்க வைத்தார்.

"தூரமாம்! உலகத்துல அந்த மூலையிலருந்து பறந்து வர்றவங்களுக்குப் பதுளை தூரமாம். கேட்டீங்களா அநியாயத்தை?"

எல்லோரும் அநியாயம்தான் என்றார்கள். நானும் சொன்னேன்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் மகள் வாத்தியாரைப் பற்றிச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை கடை பூட்டுகிற நேரம். நான் வெளியே தொங்கவிட்ட பைகளைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தேன்.

"மடுல்சீமையா?" என்றார் அக்கா. "அவ்வளவு தூரத்துக்கெல்லாம் என்னால பொண்ணு குடுக்க முடியாது."

"டொரொன்டோவுக்குக் குடுக்க இருந்தீங்களேம்மா?"

"அது பக்கம்."

மகள் சிரிக்கவில்லை. "காலையில கெளம்பினா நீங்க மத்தியானச் சோத்துக்கு என் வீட்டுக்கு வந்துரலாம். டொரொன்டோவுல இருந்தா என்னைப் படத்துலதான் பாப்பீங்க. இதுல எதும்மா தூரம்?"

அக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னார். ரோடு சரியில்லை என்றார், மழை என்றார், அட்டை கடிக்கும் என்றார். எல்லாவற்றுக்கும் மகள் பதில் சொன்னாள். கடைசியில் அக்காவுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லாமல் போனபோது, "லயத்துல பொறந்தவன்டி அவன்" என்றார்.

சொன்ன பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார். என் தோளில் பைகள் கிடந்தன.

"உன்னையச் சொல்லலடி" என்றார். "நீதான் கடைக்கு வந்துட்டல்ல."

முதல் நாள் எனக்கு வாங்கிக் கொடுத்த பனிஸில் இருந்த அதே அன்புதான் அந்தக் குரலிலும் இருந்தது. அதனால்தான் அதிகமாக வலித்தது. கோபப்படவும் எனக்கு வழியில்லை. பைகளை ஆணியில் மாட்டினேன். இத்தனை வருடமாக அவர் தூரம் தூரம் என்று எதைச் சொன்னார் என்று அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. அதைக் கிலோமீற்றரில் காட்ட எந்தப் போனாலும் முடியாது.

மகள் பிடித்த பிடியில் நின்றாள். கல்யாணம் பதுளைக் கோயிலில் சின்னதாக நடந்தது. அக்கா நகை போட்டார், சாப்பாடு போட்டார், எல்லோரையும் வாங்க வாங்க என்றார். ஆனால் மகள் வீட்டுக்கு மறுவீடு போகவில்லை. "எனக்கு பஸ் ஒத்துக்காதுன்னு உலகத்துக்கே தெரியும்" என்றார். மகளும் மருமகனும் மாதம் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர்கள் மகளை எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "வெளியில" என்பார். வெளிநாடு என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் திருத்தமாட்டார்.

மகள் மாசமாக இருந்த வருடம் மழை வழக்கத்தைவிட மோசமாகப் பெய்தது. பசறைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோடு போய்விட்டது. மடுல்சீமையில் கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. என் வீட்டாரும் அங்கேதான். நானும் அக்காவும் மாறி மாறிப் போன் போட்டோம். ஒரே பெண் குரல் மூன்று மொழியிலும் தொடர்பு கொள்ள முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றி அக்கா போனில் எதையோ தட்டினார். எட்டிப் பார்த்தேன். பதுளை, மடுல்சீமை என்று போட்டிருந்தார்.

"நேரா பறந்து போனா எவ்வளவு நேரமாகும்டி?"

"அங்க எயார்போர்ட் இல்லக்கா."

"தெரியும்டி" என்றார். "சும்மா கேட்டேன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

சரிந்த இடம் வரைக்கும் பஸ் போகிறது, அதை நடந்து தாண்டினால் அந்தப் பக்கம் வேறு பஸ் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் நான் கிளம்பினேன். பஸ் நிலையத்தில் திரும்பிப் பார்த்தால் பின்னால் அக்கா. கையில் எலுமிச்சம்பழமும் ஷொப்பிங் பேக்குகளும். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"முன் சீட்டைப் புடி" என்றார்.

அந்தப் பயணத்தை விவரமாகச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. பசறைக்கு முன்னாலேயே கொண்டுவந்த பேக்குகள் தீர்ந்துவிட்டன. பஸ்ஸில் இருந்த கொழுந்து எடுக்கும் பெண்கள் தங்கள் பைகளைக் காலி செய்து கொடுத்தார்கள். சரிந்த இடத்தில் எல்லோரும் இறங்கிச் சேற்றில் நடந்தோம். அக்காவின் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா, "என் கையைக் கெட்டியா புடிங்க, கீழ பாக்காதீங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அந்தக் கையை அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறிய பிறகும் விடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் லயத்துக் கடைசி வீட்டு வாசலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைச் செருப்போடு, முட்டி வரை சேறாக வந்து நின்ற தாயைப் பார்த்ததும் துணியைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.  அக்கா அவளுடைய முகத்தை, வயிற்றை, கையை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

வாத்தியாரின் அம்மா அப்போதுதான் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து வந்திருந்தார். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "கால் கழுவுங்க சம்பந்திம்மா. பாவம், எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கீங்க! சாப்ட்டீங்களா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த வார்த்தையை இதுவரை அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. காலைக் கழுவினார். பிறகு கொடுத்த ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

என் வீட்டாரையும் பார்த்துவிட்டு இரண்டு நாளில் நான் திரும்பினேன். கூட வருவார் என்று நினைத்தேன். கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். "வயிறு சரியாகட்டும், வர்றேன்."

வயிறு சரியாகிவிட்டது. ரோடும் சரியாகிவிட்டது. அக்கா வரவில்லை. சம்பந்திம்மா காலையில் மலைக்குப் போனதும் இவர் சமைக்கிறார், சாயங்காலம் லயத்துப் பெண்களெல்லாம் இவரைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், எந்தப் பெண்ணை எந்த நாட்டுக்குக் கொடுக்கலாம் என்று அங்கேயும் ஆரம்பித்துவிட்டார் என்று மகள் போனில் சொன்னாள். "ஆனா இப்ப மொதல்ல பண்டாரவளை, வெலிமடைன்னு பாத்துட்டு அப்புறந்தான் கனடாவுக்குப் போறாங்க" என்று சிரித்தாள்.

தீபாவளி நெருங்கியது. வளையலும் பொட்டும் முடிந்துகொண்டிருந்தன. சரக்கு எடுக்க வேண்டும், நான் ஒருத்தி என்ன செய்வேன்? அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எப்பக்கா வர்றீங்க? கடையில கூட்டம் தாங்கல."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கோழி கத்தும் சத்தமும் கேட்டன.

"பதுளைக்கா?" என்றார் அக்கா. "அவ்வளவு தூரம் யாருடி வர்றது?"